அவசர லாட்டுக்கு எந்த வழி? சிப் ஆலையில் தேதி தவறாமல் அனுப்ப நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

சேலத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு சிப் ஆலைகளில் பிளானிங் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: “வாரத்துக்கு நாலைந்து தடவை ‘இது அர்ஜென்ட், இதை முதலில் ஓட்டு’ என்று மேலேயிருந்து சொல்கிறார்கள். ஓட்டினால் மற்ற ஆர்டர் தேதி தவறுகிறது. ஓட்டாவிட்டால் வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார். எந்த முறையை வைத்துக்கொள்வது?” செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர்கள் முகூர்த்த மாதங்களில் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். பட்டறையில் ஏழெட்டுக் கை மாறும் வேலை, சிப் ஆலையில் பல நூறு படி மாறுகிறது. சிக்கல் ஒன்றுதான்.

ஆலையில் ஒன்றாக நகரும் ஒரு தொகுதி சரக்குக்கு லாட் என்று பெயர். அவசர லாட்டுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. ஹாட் லாட் என்று முத்திரை குத்தி முன்னால் விடுவது ஒன்று. முத்திரையே இல்லாமல், டெலிவரி தேதியை வைத்து எல்லா லாட்டையும் வரிசைப்படுத்துவது இரண்டாவது. அவசரத்துக்கென்று கொஞ்சம் மெஷின் நேரத்தைக் காலியாக விட்டு வைப்பது மூன்றாவது. பாதி முடிந்த சரக்கை இருப்பில் வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் மீதியை முடிப்பது நான்காவது. எதை எடுத்தாலும், ஒரு லாட்டுக்குக் கொடுக்கிற நேரம் வேறொரு லாட்டின் கணக்கிலிருந்துதான் வருகிறது. யாருடைய கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்று முன்கூட்டியே நம்மை முடிவு செய்ய வைக்கிற முறைதான் நல்ல முறை என்பது எங்கள் கருத்து.

## எதை வைத்து எடைபோடுவது

சிப் ஆலையில் வேலை நேர்கோட்டில் போவதில்லை. 25 வேஃபர் (சிப்புகள் உருவாகும் வட்டமான சிலிக்கன் தகடு) அடங்கிய ஒரு லாட், அடுக்குக்கு ஒரு தடவை என்று, ஒளியால் வடிவத்தைப் பதிக்கும் லித்தோ பகுதிக்குத் திரும்பத் திரும்ப வரும். 40 அடுக்கு உள்ள சிப்புக்கு 40 தடவை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு என்றால், இங்கே ஒரே வளைவை 40 முறை சுற்ற வேண்டும். முடியப்போகிற லாட்டும் நேற்றுத் தொடங்கிய லாட்டும் அதே வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். அதனால் ஓரிடத்தில் செய்யும் சின்ன மாற்றம் 40 இடத்தில் எதிரொலிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தரைக் கணக்கு. ஒரு லாட் மெஷினுக்குள் உண்மையாகவே இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் வருவது அதன் குறைந்தபட்ச நாள். இதை அடுக்குக்கு எத்தனை நாள் என்று சொல்வது ஆலைகளில் வழக்கம். காத்திருப்பே இல்லாமல் அடுக்குக்கு அரை நாள் என்று வையுங்கள். 40 அடுக்குக்கு 20 நாள். சாதாரண லாட் அடுக்குக்கு ஒன்றரை நாள் எடுத்தால் 60 நாள். அந்த 60 நாளில் 40 நாள் லாட் சும்மா ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது. அவசரப்படுத்தும் முறைகள் எல்லாம் இந்த 40 நாளைத்தான் குறைக்கும். மீதி 20 நாளைத் தொட முடியாது. 15 நாளில் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஆகாது என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, பாட்டில்நெக் மெஷின், அதாவது ஆலையின் வேகத்தையே கட்டுப்படுத்தும் மெஷின், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. பெரும்பாலும் அது லித்தோ ஸ்கேனர்தான். 1961-இல் ஜான் கிங்மன் தந்த வரிசைச் சூத்திரத்தின் சாரம் இது: லாட் வருவதும் வேலை முடிவதும் முன்னேபின்னே ஆகிற இடத்தில், காத்திருக்கும் நேரம் மெஷின் நிரம்பிய பங்கை மீதமுள்ள பங்கால் வகுத்த அளவுக்கு ஏறும். எளிய கணக்கில், 80 சதவீதம் நிரம்பிய மெஷினில் ஒரு லாட் ஓடும் நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருப்பு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. 80 சதவீதத்தில் ஓடுகிற ஆலை அவசரத்தைத் தாங்கும். 95-இல் ஓடுகிற ஆலை தாங்காது. முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, அவசரம் எத்தனை தடவை வருகிறது, முன்கூட்டித் தெரிகிறதா, அதே சரக்குக்கா வேறு வேறு சரக்குக்கா என்பது. கடைசியாக, கணக்கில் எழுதப்படாத செலவு: செட்டப் மாற்றம், திரும்பச் செய்யும் வேலை, முடங்கிய பணம், இரவு ஷிப்டில் ஒரு லாட்டின் பின்னாலேயே அலையும் ஆள்.

## ஹாட் லாட்: முத்திரை குத்தி முன்னால் விடுவது

எல்லா ஆலையிலும் இருக்கும் முறை இது. இரண்டு நிலை உண்டு. சாதாரண ஹாட் லாட் ஒவ்வொரு மெஷினிலும் வரிசையின் தலைக்குப் போகும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லாட் முடியும் வரை காத்திருக்கும். சூப்பர் ஹாட் லாட் வருவதற்கு முன்பே அடுத்த மெஷின் காலியாக நிறுத்தி வைக்கப்படும். சாதாரண ஹாட் லாட் அடுக்குக்கு 0.8 நாளில் போனால், நம் 60 நாள் சிப் 32 நாளில் வெளியே வரும். வேறு எந்த முறையும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு லாட்டுக்கு இந்த அளவு வேகம் கொடுக்காது.

விலை எங்கே என்று பார்ப்போம். ஒரு ஸ்கேனர் நாளுக்கு 50 லாட் ஓட்டும், வேலை 45 லாட்டுக்கு இருக்கிறது, 90 சதவீதம். ஒரு லாட்டுக்கு சுமார் 29 நிமிடம். காத்திருப்பு 9 மடங்கு, அதாவது 4.3 மணி நேரம். இப்போது நாளுக்கு 4 சூப்பர் ஹாட் லாட் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் முன்னதாக மெஷினை நிறுத்தி வைக்கிறீர்கள். நாளில் ஒரு மணி நேரம் போயிற்று. 50 லாட் ஓடிய மெஷின் இனி 47.9 லாட்தான் ஓட்டும். நிரம்பிய அளவு 93.9 சதவீதம் ஆகிவிட்டது. காத்திருப்பு 15.4 மடங்கு, 7.4 மணி நேரம். மற்ற ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 3 மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. 40 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5 நாள்.

ஒரே மெஷின் என்று வைத்த எளிய கணக்கு இது. நாலைந்து மெஷின் ஒரே வேலையைப் பகிர்ந்தால் எண் குறையும். ஆனால் மேலே போகப் போகச் செங்குத்தாக ஏறும் தன்மை மாறாது. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்த இடத்தில் மற்றவர்களுக்கு 5 நாள் போகிறது. அந்த 5 நாளுக்கு யாரும் பில் போடுவதில்லை.

வேஃபரைச் சூட்டில் பதப்படுத்தும் டிஃப்யூஷன் பகுதியில் நடப்பதை இன்னும் நெருங்கிப் பாருங்கள். செங்குத்து ஃபர்னஸ் ஒன்றில் ஒரு தடவைக்கு 6 லாட், 150 வேஃபர் போகும். ஏற்றி, சூடாக்கி, ஆக்சைடு வளர்த்து, ஆறவிட்டு இறக்க 8 மணி நேரம் என்று வைப்போம். ஃபர்னஸுக்கு முன்னால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவல் உண்டு. கழுவிய சிலிக்கன் காற்றுப் பட்டு நின்றால் அதன்மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படியும். அதனால் கழுவலுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே சில மணி நேரம்தான் அனுமதி. 6 லாட் கழுவி முடித்து வாசலில் நிற்கின்றன. அப்போது ஹாட் லாட் ஒன்று வருகிறது. அதன் ரெசிபி (வெப்பம், நேரம் முதலிய செய்முறை) வேறு. சேர்த்து ஏற்ற முடியாது. சூப்பர்வைசர் அதை மட்டும் ஏற்றி, மீதி இடத்தில் டம்மி வேஃபரை நிரப்பிக் கதவை மூடுகிறார். 8 மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும்போது வாசலில் நின்ற ஆறும் நேர வரம்பைத் தாண்டிவிட்டன. ஆறையும் திரும்பக் கழுவ வேண்டும். கழுவும்போது வேண்டாத ஆக்சைடோடு வேண்டிய ஆக்சைடும் கொஞ்சம் கரையும் என்பதால், ஒரு லாட்டை எத்தனை முறை திரும்பக் கழுவலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. அந்த ஆறில் ஒன்று ஏற்கெனவே ஒருமுறை திரும்பக் கழுவப்பட்டதாக இருந்தால் அது ஸ்கிராப்புக்குப் போகலாம்.

சூப்பர்வைசரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹாட் லாட் இந்த ஃபர்னஸுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின ஷிப்டிலேயே அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஆறையும் கழுவவே விட்டிருக்க மாட்டார். கழுவாத லாட் எத்தனை மணி நேரம் நின்றாலும் கெடாது. ஹாட் லாட்டை நடத்துகிற திறமை பாதிக்கு மேல் இந்த முன்னறிவிப்பில்தான் இருக்கிறது.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- அடுத்த 24 மணி நேரத்தில் ஹாட் லாட் தொடப்போகும் மெஷின்களின் பட்டியல் ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்திலும் கைமாற வேண்டும். பராமரிப்புக்கு நிறுத்தப்போகும் மெஷின் அதில் இருந்தால் அன்றைக்கே மாற்று மெஷினைக் குறியுங்கள். அந்த மெஷினுக்கு அந்த ரெசிபி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.
- அடுத்த அடுக்குக்கான ரெட்டிக்கிள் (அந்த அடுக்கின் வடிவம் வரைந்த தகடு) எந்த ஸ்கேனரில் இருக்கிறது என்று முன்பே தேடுங்கள். ஒரு அடுக்குக்குப் பல சமயம் ஒரே ஒரு ரெட்டிக்கிள்தான் இருக்கும். அது சோதனைக்குப் போயிருந்தால் முத்திரை என்ன செய்யும்?
- சிலிக்கனுக்குள் வேறு தனிம அணுக்களைச் செலுத்தும் அயன் இம்பிளான்ட் மெஷினில் போரானிலிருந்து ஆர்செனிக்குக்கு மாற்ற நேரம் பிடிக்கும். அந்த மாற்றம் எப்படியும் வரவிருக்கிற வேளையோடு ஹாட் லாட்டைச் சேர்க்க முடிந்தால் ஒரு செட்டப் மிச்சம்.
- அளவெடுப்பை விட்டுவிடாதீர்கள். அளவெடுக்கும் வரிசையில் முன்னால் விடுங்கள். தாண்டிப் போக விடாதீர்கள். அவசர லாட் கெட்டுப்போனால் இன்னொரு 32 நாள் வேண்டும்.

எத்தனை ஹாட் லாட் வரை தாங்கும்? 90 சதவீதத்துக்கு மேல் ஓடும் ஆலைக்கு, உள்ளே இருக்கும் லாட்டுகளில் 20-க்கு ஒன்று என்பது நாங்கள் சொல்லும் எல்லை. சூப்பர் ஹாட் என்றால் ஆலை முழுவதற்கும் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு. எண்ணிக்கையை வாய்ச்சொல்லாக வைக்காதீர்கள். விற்பனைப் பிரிவுக்கு இத்தனை டோக்கன் என்று கொடுத்துவிடுங்கள். ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறினால் பஸ்கூட வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்று வழிவிடும். பத்து வண்டிக்கு ஒன்று சைரன் போட்டுக்கொண்டு வந்தால் ஒதுங்க இடமும் இருக்காது, ஆம்புலன்ஸும் நகராது.

இது பொருந்துவது: புதிய வடிவமைப்பின் முதல் மாதிரி, வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் நின்றுபோகும் நிலை, விபத்து. 2021 மார்ச் 19-இல் ஜப்பானில் ரெனேசாஸ் சிப் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்து, உற்பத்தி மீண்டும் தொடங்க ஏப்ரல் 17 ஆயிற்று. வாகனச் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம் அது. அப்படிப்பட்ட இழப்பை ஈடுகட்ட இன்னோர் ஆலையில் ஓட்டும் லாட்டுக்கு முத்திரை நியாயமானது. மாதக் கடைசி பில்லிங்கைக் கூட்டிக் காட்டுவதற்காகக் குத்தும் முத்திரை நியாயமற்றது.

## தேதி விகிதம்: எல்லா லாட்டையும் ஒரே தராசில்

கிரிட்டிக்கல் ரேஷியோ என்பார்கள். டெலிவரிக்கு மிச்சமிருக்கும் நாளை, மீதி வேலைக்குத் தேவைப்படும் நாளால் வகுக்க வேண்டும். விடை 1-க்குக் கீழே என்றால் லாட் பின்தங்கிவிட்டது. மேலே என்றால் அவகாசம் இருக்கிறது. எது சிறியதோ அது முதலில்.

மூன்று லாட் ஒரே மெஷின் முன்னால் நிற்கின்றன. முதல் லாட்டுக்கு 20 நாளில் டெலிவரி, 25 நாள் வேலை மிச்சம்: 0.8. இரண்டாவதுக்கு 30 நாள், 24 நாள் வேலை: 1.25. மூன்றாவதுக்கு 6 நாள்தான், ஆனால் வேலையும் 5 நாள்தான்: 1.2. கண்ணுக்கு மூன்றாவதுதான் அவசரமாகத் தெரியும். கணக்குப்படி ஓட வேண்டியது முதலாவது. யாரும் சத்தம் போடாத, இன்னும் 20 நாள் இருக்கிற லாட் இன்றைக்கே தவறத் தொடங்கியிருப்பதை இந்த முறை காட்டிக்கொடுக்கிறது. ஹாட் லாட் முறையில் அது 19-ஆம் நாள்தான் தெரியவரும். அப்போது அதுவும் ஹாட் லாட் ஆகும்.

மெஷின் எதுவும் காலியாக நிற்பதில்லை, செட்டப் கூடுவது குறைவு, வாக்குவாதமும் குறைவு. அன்றாட ஓட்டத்துக்கு இதைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும்.

பழுதுகள் மூன்று. ஒன்று, தேதி பொய்யானால் தராசு பொய்யாகும். விற்பனைப் பிரிவு பாதுகாப்புக்காக எல்லா ஆர்டருக்கும் ஒரு வாரம் முன்தேதி போட்டால் எல்லா லாட்டும் 1-க்குக் கீழே போய்விடும். அப்புறம் எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு, மீட்க முடியாத லாட். 0.3-இல் நிற்கும் லாட் எப்படியும் தவறும். ஆனால் கணக்கு அதையே எல்லா மெஷினிலும் முன்னால் தள்ளும். அதற்கு வழிவிட்டு நிற்கும் நல்ல லாட்டுகளும் பின்தங்கும். 0.6-க்குக் கீழே போன லாட்டுக்கு வாடிக்கையாளரிடம் பேசிப் புதுத் தேதி வாங்கி, அந்தத் தேதியைச் சிஸ்டத்தில் ஏற்றுங்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். தள்ளிப் போட்டால் நாளைக்கு நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும். மூன்று, மீதி வேலை நாளுக்கு மெஷின் நேரத்தை மட்டும் போடுவது. காத்திருப்பையும் சேர்த்த உண்மையான நாளைப் போட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அவகாசத்தோடு இருப்பதாகவே கடைசி வாரம் வரை காட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு சேர்ந்தது. தேதி தவறாமல் இருக்க முன்னதாகவே உள்ளே விட்டுவிடுவோம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி அதைத் தடுக்கிறது: உள்ளே இருக்கும் லாட் எண்ணிக்கையை நாளுக்கு வெளியே போகும் லாட்டால் வகுத்தால் ஆலைக்குள் ஒரு லாட் சராசரியாகத் தங்கும் நாள். நாளுக்கு 25 லாட் வெளியே போகும் ஆலையில் 1,500 லாட் இருந்தால் 60 நாள். அவசரப்பட்டு 250 லாட் கூடுதலாக உள்ளே தள்ளினால் 70 நாள். வெளியே போகும் வேகத்தைப் பாட்டில்நெக் மெஷின் தீர்மானிக்கிறது. உள்ளே தள்ளியதால் அது மாறாது.

## காலி இடம் விட்டு வைப்பது

100 லாட் போகும் வாரத்துக்கு 92 லாட்தான் திட்டமிடுவது. மீதி 8 வரவிருக்கும் அவசரத்துக்கு. மற்ற ஆர்டர்களுக்குத் தேதி கொடுக்கும்போதே இந்த 8-ஐக் கழித்துவிட்டுக் கொடுப்பதால், அவசரம் வந்தால் யாருடைய தேதியும் அடிபடாது. நான்கில் இதுதான் நேர்மையான முறை என்று சொல்லலாம்.

செலவு கண்ணெதிரே நிற்கும். இன்று வராத அவசரத்தின் மெஷின் நேரத்தை நாளைக்குச் சேர்த்து வைக்க முடியாது. மிக நவீன லித்தோ மெஷினான இ.யு.வி. ஸ்கேனர் ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கு மேல்; அதைக் காலியாக வைக்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது. அதனால் முழு ஆலையிலும் இடம் விட வேண்டாம். பாட்டில்நெக்கில் மட்டும் விடுங்கள். மற்ற மெஷின்களில் எப்படியும் இடம் இருக்கும். ஒதுக்கிய இடத்துக்குக் கெடுவும் வையுங்கள்: 48 மணி நேரத்துக்கு முன் யாரும் கேட்காவிட்டால் அது சாதாரண லாட்டுக்குப் போய்விடும்.

அவசரம் வாரம் தவறாமல் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் இது சரி. மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் எதுவுமே வராது என்றால் வீண்.

## டை பேங்க்: பாதியில் நிறுத்தி இருப்பு வைப்பது

வேஃபர் வேலை முடிந்து, சோதனையும் முடிந்த சிப்புகளை (இந்த நிலையில் இவற்றுக்கு டை என்று பெயர்) வெட்டாமல், பேக்கேஜ் செய்யாமல், அதாவது உறையிட்டு மூடாமல், நைட்ரஜன் பெட்டியில் வைத்துவிடுவது. ஆர்டர் வந்ததும் வெட்டி, பேக்கேஜ் செய்து, கடைசிச் சோதனை முடித்து அனுப்புவது. வேஃபர் வேலை 60 நாள், பின்வேலை 15 நாள் என்றால், 75 நாள் ஆகிற டெலிவரி 15 நாளாகிறது. ஹாட் லாட் எவ்வளவு ஓடினாலும் இதை எட்டாது. மெஷின் முன்னால் சண்டையும் இல்லை.

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, சங்கிலி பின்னி, பற்றவைத்து முடித்த நீளங்களை வைத்துக்கொண்டு, கடைக்காரர் கேட்ட பிறகு சலங்கையும் திருகாணியும் வைத்து மெருகு போட்டுக் கொடுக்கும் பட்டறைகளின் தந்திரம் இதேதான். எதுவரை போனால் எல்லா மாடலுக்கும் பொது, எதற்குப் பிறகு மாடல் பிரிகிறது என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். சிப்பில் ஒரே டை மூன்று விதப் பேக்கேஜில் போகும் என்றால் நிறுத்தும் இடம் வேஃபர் சோதனைக்குப் பிறகு. கடைசி இரண்டு மூன்று உலோக அடுக்கில்தான் மாடல் மாறுகிறது என்றால் அந்த அடுக்குகளுக்கு முன்னாலேயே நிறுத்தலாம். அப்படி நிறுத்தும் வேஃபர் நாள்கணக்கில் நின்றாலும் கெடாத படியாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

பட்டறையில் வெள்ளி விலை இறங்கினால் இருப்பில் இருக்கும் சங்கிலி நஷ்டம். இங்கே வடிவமைப்பு மாறினால் நஷ்டம்: புதுப் பதிப்பு வந்ததும் பழைய டையை யாரும் வாங்க மாட்டார்கள். அதற்கு மேல் முடங்கிய பணம். இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: இருப்பு வேஃபரும் ஒரு காலத்தில் அதே ஸ்கேனரில்தான் ஓடியது. நெருக்கடி மாதத்தில் இருப்புக்காக ஓட்டினால் நிஜ ஆர்டரின் இடத்தைத் தின்கிறது. வேலை குறைந்த மாதங்களில் நிரப்புங்கள். எவ்வளவு வைப்பது என்பதற்கு, ஒரு வேஃபர் சுற்றுக் காலத்தில், அதாவது 60 நாளில், கடந்த ஒரு வருடத்தில் வந்த அவசரத் தேவையின் உச்சத்தைப் பாருங்கள். அதற்கு மேல் வைப்பது பயத்துக்கு வைப்பது.

ஒருவருக்கு மட்டுமே செய்யும் சிப்புக்கு, அவர் எழுத்தில் உறுதி கொடுக்காமல் டை பேங்க் வைக்க வேண்டாம். பலருக்குப் போகும் சிப்புக்குத் தயங்க வேண்டாம்.

## நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| | ஹாட் லாட் | தேதி விகிதம் | காலி இடம் | டை பேங்க் |
|---|---|---|---|---|
| ஏற்கெனவே உள்ளே இருக்கும் லாட்டை வேகப்படுத்துமா | நன்றாக | ஓரளவு | இடம் இருக்கும் வரை | உதவாது |
| மற்ற ஆர்டர்களுக்குப் பாதிப்பு | அதிகம், கண்ணுக்குத் தெரியாது | குறைவு | இல்லை | நெருக்கடி மாதத்தில் நிரப்பினால் உண்டு |
| மறைந்த செலவு | செட்டப், திரும்பக் கழுவல், ஸ்கிராப், ஆள் | தேதியைச் சுத்தமாக வைக்கும் உழைப்பு | ஓடாத மெஷின் நேரம் | முடங்கிய பணம், பழசாகும் சரக்கு |
| தொடங்கத் தேவையானது | எண்ணிக்கைக் கட்டுப்பாடு, முன்னறிவிப்பு | உண்மையான தேதி, உண்மையான சுற்று நாள் | அவசரத்தின் வாரக் கணக்கு | மாடல் பிரியும் இடம், தேவைக் கணக்கு |
| பொருந்தும் நிலை | அரிது, எதிர்பாராதது, பெரிய இழப்பு | எப்போதும் | வாரந்தோறும் வரும் அவசரம் | திரும்பத் திரும்ப விற்கும் சிப் |

லாட்டைப் பிளப்பது என்று ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். வாடிக்கையாளருக்கு 6 வேஃபர் போதும் என்றால் 25-இல் 6-ஐப் பிரித்து ஓட்டுவது. வேஃபரை ஒவ்வொன்றாக எடுக்கும் மெஷின்களில் நேரம் உண்மையாகவே குறையும். ஃபர்னஸில் 6 போனாலும் 25 போனாலும் அதே 8 மணி நேரம். தனி முறையாக வைக்காமல், ஹாட் லாட்டோடு சேர்த்துக் கையாளுங்கள். மாதிரி லாட்டுக்கு நல்லது.

## அசெம்பிளி ஆலையில் கணக்கு மாறும்

குஜராத்தின் சானந்திலும் அசாமின் ஜாகிரோட்டிலும் இப்போது வருபவை வேஃபர் ஆலைகள் அல்ல. சிப்பை வெட்டிப் பேக்கேஜ் செய்து சோதிக்கும் ஆலைகள். அங்கே போகிறவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே இடத்துக்கு 40 முறை திரும்பும் சிக்கல் அங்கே இல்லை. வெட்டுதல், ஒட்டுதல், வயர் பாண்டிங் (கம்பி இணைப்பு), மோல்டிங் (பிசினால் மூடுவது), சோதனை என்று வேலை ஏறக்குறைய நேராகப் போகும். வலி செட்டப்பில் இருக்கிறது. பேக்கேஜ் அளவு மாறினால் மோல்டிங் மெஷினின் அச்சை மாற்ற வேண்டும். சோதனை மெஷினில் சிப்பை எடுத்து வைக்கும் ஹேண்ட்லரின் மாற்று உறுப்புகளையும், சிப்பை மெஷினோடு இணைக்கும் லோடு போர்டையும் மாற்ற வேண்டும். ஒரு அவசர லாட் நடுவில் புகுந்தால் போகும்போது ஒரு மாற்றம், திரும்பி வர இன்னொரு மாற்றம். அதனால் அங்கே ஹாட் லாட்டின் விலையை மாற்ற நேரத்தின் இரு மடங்காகக் கணக்கிடுங்கள். ஒரே பேக்கேஜ் ஓடும் லைனில் வரும் அவசர லாட் ஏறக்குறைய இலவசம். வேறு பேக்கேஜ் என்றால் பாதி ஷிப்ட் போகலாம்.

அவசரப்படுத்த முடியாத படிகளும் உண்டு. மோல்டிங் முடிந்தபின் 175 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பல மணி நேரம் வேக வேண்டும். அதைக் குறைத்தால் பிசின் முழுதாக இறுகாது. பேக்கேஜ் வளையும், பின்னால் விரிசல் விடும். அடுப்புக்கான நேரத்தைத் தரைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அசெம்பிளி ஆலைகளுக்கு நாங்கள் சொல்வது: தேதி விகிதத்தை ஒரே செட்டப் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துப் பாருங்கள், குடும்பம் விட்டுக் குடும்பம் மாறுவதை ஷிப்டுக்கு இத்தனை தடவை என்று கட்டுப்படுத்துங்கள். அவசரத்துக்கான காலி இடம் சோதனை மெஷினில் இருக்கட்டும். முன்வேலையில் இழந்த நேரத்தைக் கொஞ்சமாவது மீட்க முடிகிற கடைசி இடம் அது.

## எதில் தொடங்குவது

இப்போது உங்கள் ஆலையில் எல்லாமே வாய்ச்சொல் அவசரமாக ஓடுகிறது என்றால், முதலில் ஒரு மாதம் எண்ணுங்கள். அவசரம் என்று யார் சொன்னது, எந்தச் சிப், எத்தனை நாள் அவகாசம், முடிந்ததும் வாடிக்கையாளர் உடனே எடுத்துக்கொண்டாரா, அல்லது சரக்கு அவருடைய கிடங்கில் நின்றதா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவசரமாக ஓட்டிய லாட் அங்கே மூன்று வாரம் நின்றது என்று தெரிந்தால், அந்தப் பெயருக்கு அடுத்த டோக்கன் கொடுக்கும் முன் யோசிக்கலாம்.

அந்த மாதக் கணக்கு கைக்கு வந்ததும், திரும்பத் திரும்ப வரும் சிப்புகளை டை பேங்குக்கு மாற்றுங்கள். வாரம் தவறாமல் வருவது ஏதாவது மிஞ்சினால் அதற்குப் பாட்டில்நெக்கில் இடம் விடுங்கள். மீதி எல்லாவற்றையும் தேதி விகிதத்தில் ஓட்டுங்கள். ஹாட் லாட் முத்திரை கடைசியாக மிஞ்சும் அந்த ஒன்றிரண்டுக்கு.

அதற்குள் போன் வந்து “எப்போது கிடைக்கும்?” என்று கேட்டால், தேதி சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள்: அந்த லாட்டின் தரைக் கணக்கு எத்தனை நாள், பாட்டில்நெக் இன்று எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, டோக்கன் ஏதாவது மிச்சம் இருக்கிறதா. டோக்கன் இல்லாவிட்டால், கேட்கிறவரிடமே ஓடிக்கொண்டிருக்கும் ஹாட் லாட்டுகளின் பட்டியலைக் காட்டி, இதில் எதை இறக்கிவிட்டு உங்களுடையதை ஏற்றட்டும் என்று கேளுங்கள். எந்த லாட் இறங்குகிறதோ அதன் வாடிக்கையாளருக்குப் புதுத் தேதியை அன்று மாலைக்குள் எழுதி அனுப்புங்கள்.